நொசாவா ஓன்சென் போலாமா? ஸ்கீயா ஸ்னோபோர்டா, அப்பாவை என்ன பண்றது, சாப்பாட்டுக்கு என்ன வழி

திருச்சிக்காரன்_தோக்கியோல

வணக்கம் மக்களே. நாங்க டோக்கியோ நிஷிகசாய்ல இருக்கோம். ஜனவரி ஆனா போதும், ஆபீஸ்ல பாதிப்பேர் திங்கக்கிழமை காலைல காகிள்ஸ் போட்ட எடம் மட்டும் வெளுப்பா, மிச்ச மூஞ்சி கருத்துப்போய் வந்து நின்னு ஸ்கீ கதையா அளக்குறாங்க, கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துருச்சு. இந்த வருஷம் பிப்ரவரி நடுவுல மூணு நாலு நாள் போகலாம்னு இருக்கோம். நான், மனைவி, ஆபீஸ் நண்பன் ஒருத்தன், அவன் மனைவி. நாலு பேருமே இதுவரைக்கும் பனில கால் வச்சது டோக்கியோ ரோட்டுலதான்.

கூட எங்க அப்பா. ஊர்ல இருந்து மூணு மாச விசால வந்திருக்கார், வயசு 66, பிபி மாத்திரை போடுறார், மத்தபடி நல்லா நடப்பார். அவர் ஸ்கீ பண்ணப் போறதில்ல, ஆனா வீட்ல தனியா விட்டுட்டுப் போகவும் மனசு வரல. ஆபீஸ்ல ஒரு ஜப்பான்காரர்தான் நொசாவா ஓன்சென் போங்க, மலைக்குக் கீழயே பழைய வெந்நீர் ஊற்று கிராமம் இருக்கு, அப்பாவுக்கும் பொழுது போகும்னு சொன்னார். இன்னொருத்தர் ஹகுபான்றார், மூணாவது ஆள் எதுக்கு அவ்வளவு தூரம் காலா யுசாவா போயிட்டு அன்னைக்கே வந்துருங்கன்றார். தலை சுத்துது.

நண்பன் ஸ்னோபோர்டுதான் கத்துப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான், மனைவி ஸ்கீதான் பாதுகாப்புன்றா. அப்புறம் அந்த ஊர் பொதுக்குளியல் எல்லாம் ஒட்டுத்துணி இல்லாம குளிக்கணுமாமே, இது நிஜமா, வேற வழி இருக்கா? மனைவியும் அப்பாவும் சுத்த சைவம், முட்டை மட்டும் அப்பா மறைச்சு சாப்பிடுவார் (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்ற தைரியம்). போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

---

மலைப்பாதை

நொசாவாவே போங்க. உங்க கேள்வில ஸ்கீயை விட அப்பாதான் பெரிய விஷயமா தெரியறார், அவரை வச்சுத்தான் ஊரை முடிவு பண்ணணுங்க.

காலா யுசாவாவைக் குறை சொல்ல மாட்டேன், டோக்கியோல ஏறினா ஒண்ணேகால் மணி நேரம், ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளயே ரெண்டல், அங்கிருந்தே கோண்டோலா கேபிள் கார், காலைல போய் ராத்திரி வீட்டுக்கு வர்றவங்களுக்கு அதை மிஞ்சினது கிடையாது. ஆனா ஸ்கீ பண்ணாத மனுஷன் அங்க போனா ஸ்டேஷன்ல உக்காந்து காபி குடிக்கணும், அவ்வளவுதான். ஹகுபா 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல டவுன்ஹில்லும் ஸ்கீ ஜம்ப்பும் நடந்த எடம், மலை பிரம்மாண்டம், ஆனா ஒரு பள்ளத்தாக்கு முழுக்க பல ரிசார்ட்டா சிதறிக் கிடக்கும், பஸ் பிடிச்சுப் பிடிச்சுப் போகணும். நொசாவா அப்படி இல்லைங்க. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழற கிராமம், அதோட தலைக்கு மேல மலை. நீங்க மேல விழுந்து எழுந்துட்டு இருக்கும்போது அப்பா கீழ சந்து சந்தா சுத்தலாம், ஓரத்து வாய்க்கால்ல ஆவி பறக்கும், பாட்டிங்க ஊறுகாய் விப்பாங்க, கால் மட்டும் நனைச்சுட்டு உக்கார்ற வெந்நீர்த் தொட்டி இருக்கு, இதுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது.

போற வழி: ஹொகுரிகு ஷிங்கன்சென் புல்லட் ரயில்ல ஹகுதகான்ற வண்டியைப் பிடிச்சு ஈயாமால இறங்கணும், ஒண்ணேமுக்கால் மணி நேரம் பக்கம் ஆகும். காகயாகின்ற வண்டி ஈயாமால நிக்காது, ஹகுதகாலயும் சில வண்டி தாண்டிப் போயிரும், அதனால டிக்கெட் எடுக்கறப்பவே நிக்குதான்னு பாத்துருங்க. ஈயாமால இருந்து நொசாவா ஓன்சென் லைனர்னு பஸ், 25 நிமிஷம். இந்த ஷிங்கன்சென் 2015ல வந்தப்புறம்தான் ஊரு இவ்வளவு கிட்ட ஆச்சு. பெட்டியெல்லாம் தூக்கிட்டு அலையாதீங்க, ரெண்டு நாள் முன்னாடி வீட்டுப் பக்கத்து கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல தக்யூபின் பார்சல் போட்டுட்டா நேரா தங்கற எடத்துக்கே வந்து சேரும். சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அந்த ஊர் ரோடு எல்லாமே சரிவு, ராத்திரி உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும், சக்கரப் பெட்டி அங்க எதுக்கும் ஆகாது. அப்பா ஷூவுக்கு அடியில மாட்டற ரப்பர் முள்ளுப் பட்டை ஒண்ணு டோக்கியோலயே வாங்கிருங்க. மத்த எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

மலை விஷயம். அடிவாரம் 565 மீட்டர், உச்சி 1650 மீட்டர், கெனாஷி மலைன்னு பேரு. மேல இருந்து கீழ வரைக்கும் நிக்காம வந்தா பத்து கிலோமீட்டர் ஓட்டம், அது உங்களுக்கு இந்த வருஷம் கிடையாது, கனவு காணலாம். நீங்க போக வேண்டியது ஹிககே பக்கம். கிராமத்துல இருந்து அங்க ஏறறதுக்கு யு ரோடுன்னு மூடின நகரும் நடைபாதை போட்டிருக்காங்க, ஏர்போர்ட்ல இருக்குமே அது, ஸ்கீ பூட்ஸ் போட்டு மேடு ஏறினவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். முதல் நாள் முழுக்க ஹிககே சரிவுலயே கிடங்க, இங்கிலீஷ்ல சொல்லித்தர்ற லெசன் கிடைக்கும், முன்கூட்டியே புக் பண்ணிருங்க, பிப்ரவரில ஆஸ்திரேலியா கூட்டம் அள்ளும். ரெண்டாவது நாள் நிக்கவும் திரும்பவும் வந்துருச்சுன்னா ஹிககே கோண்டோலால உஎனோதைரா போங்க, அங்க அகலமா சாதுவா ஒரு சரிவு இருக்கு, கீழ்ப்பக்கத்தை விட பனியும் நல்லாருக்கும். இறங்கறதுக்கு பயமா இருந்தா அதே கோண்டோலால உக்காந்து கீழ வந்துரலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க. முக்கியமா சாயங்காலம் எல்லாரும் போறாங்கன்னு ஸ்கைலைன் பக்கம் போயிராதீங்க, மலை முதுகு மேல குறுகலா வர்ற பாதை, அந்த நேரத்துக்கு பனியெல்லாம் தேஞ்சு இறுகிக் கிடக்கும், பின்னாடி வர்றவன் வேகமா வருவான்.

ஸ்கீயா போர்டான்னா, ஸ்கீ. நொசாவால போர்டு கத்துக்க வேண்டாம், நடுநடுல தட்டையான பாதை நிறைய.

---

போர்டு_பாண்டி

மலைப்பாதை அண்ணே சொன்னதுல எல்லாத்துக்கும் கையெழுத்து போடுறேன், கடைசி ரெண்டு வரி தவிர 😄

திருச்சிக்கார அண்ணே, உங்க நண்பனை போர்டு கத்துக்க விடுங்க. தட்டைப் பாதை இருக்கு, ஒத்துக்கறேன், உஎனோதைரால இருந்து காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வர்ற ரிங்கான் கோர்ஸ் ஸ்கீக்காரங்களுக்கு சொர்க்கம், குச்சியை ஊனி ஊனி போயிருவாங்க, போர்டுக்காரன் வேகம் விட்டான்னா நடுவுல நின்னுருவான், அப்புறம் ஒரு காலைக் கழட்டித் தள்ளணும், இல்ல போர்டைக் கக்கத்துல வச்சு நடக்கணும், பக்கத்துல அஞ்சு வயசு ஜப்பான் பொடுசு சர்ருன்னு போகும். ஆனா இதெல்லாம் மூணு நாள்ல ரிங்கான் வரைக்கும் வந்தவனுக்கு வர்ற பிரச்சனை, ஹிககேல விழுந்துட்டு இருக்கறவனுக்கு என்ன தட்டை என்ன மேடு.

உண்மையான வித்தியாசம் என்னன்னா ஸ்கீல முதல் நாளே ஏதோ பண்ற மாதிரி இருக்கும், ரெண்டு ஸ்கீயோட முன்நுனியையும் சேத்து பீட்சா போட்டா நிக்கலாம், சாயங்காலத்துக்குள்ள ஒரு சின்ன சரிவை விழாம இறங்கிருவாங்க. போர்டுல முதல் நாள் முழுக்க தரையோடதான் சம்சாரம். போர்டோட குதிகால் பக்க விளிம்பு, அதாவது குதிகால் எட்ஜ்ல நிப்பான், பொத்துனு உக்காருவான், எந்திரிப்பான், இந்தப் பக்கம் மூஞ்சி குப்புற. அடி படறது மணிக்கட்டுலயும் பிட்டத்துலயும், அதனால மணிக்கட்டு கார்டும், உள்ள போடற பேடிங் டவுசரும் போர்டுக்காரனுக்கு கண்டிப்பா வேணும், விழும்போது கையை விரிச்சு ஊனாம முஷ்டி மடக்கிட்டு விழச் சொல்லுங்க. ஹெல்மெட் நாலு பேருக்கும், பேச்சே இல்ல. ரெண்டாவது நாள் மத்தியானத்துக்கு மேல திடீர்னு ஒரு திருப்பம் வரும், குதிகால்ல இருந்து விரல் எட்ஜுக்கு மாறிருவான், அதுக்கப்புறம் ஆள் கையில நிக்க மாட்டான். முதல் நாள் ராத்திரி வலியோட போர்டை மாத்தி ஸ்கீ எடுத்துட்டு வர்றேன்னு கிளம்பினா மட்டும் புடிச்சு உக்கார வைங்க.

போர்டுக்கு இன்னொரு லாபம் யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த பூட்ஸ் மெத்துனு இருக்கும், போட்டுட்டே ஊருக்குள்ள நடக்கலாம், படி ஏறலாம், கடைக்குப் போலாம். ஸ்கீ பூட்ஸ் இரும்பு மாதிரி, கணுக்கால் மடங்காது, அந்த ஐஸ் சரிவுல அதைப் போட்டுட்டு தோள்ல ரெண்டு ஸ்கீயும் குச்சியும் வச்சு நடக்கறவங்களைப் பாத்தா பாவமா இருக்கும். ஸ்கீ எடுக்கறவங்க ஸ்லோப் பக்கத்துலயே உள்ள கடைல ரெண்டல் எடுத்துட்டு சாயங்காலம் அங்கயே விட்டுட்டு சாதா ஷூல வீட்டுக்கு வாங்க, நிறைய கடைல ராத்திரி வச்சுக்குவாங்க.

துணி: ஜீன்ஸ், பருத்தி பனியன் ரெண்டும் கூடாது, நனைஞ்சா காயாது, உடம்பு விறைச்சுரும். உள்ளுக்கு ஹீட்டெக் மாதிரி சூடு காக்கற பனியன் ஒண்ணு, மேல ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல ஸ்கீ ஜாக்கெட் பேண்ட் ரெண்டல்ல கிடைக்கும். கையுறை மட்டும் சொந்தமா நல்லதா வாங்குங்க, ரெண்டல்ல பெரும்பாலும் கையுறையும் காகிள்ஸும் வராது, மத்தவன் வேர்வை ஊறின கையுறை யாருக்கு வேணும்.

---

திருச்சிக்காரன்_தோக்கியோல

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பாண்டி தம்பி எழுதினதை நண்பன்கிட்ட படிச்சுக் காட்டினேன், "பிட்டத்துல அடி" வரைக்கும் சிரிச்சான், அப்புறம் பேடிங் டவுசர் விலை பாத்துட்டு இருக்கான்.

குளியல் விஷயம்தான் இன்னும் இடிக்குது. மனைவி முடியவே முடியாதுன்னுட்டா. அப்பா நேர் எதிர், காவிரில துண்டு கட்டிக் குளிச்சவன்டா நான், எனக்கென்ன வெட்கம்ன்றார். அவர் துண்டு கட்டிட்டே இறங்கலாமா? பிபி இருக்கறவர் அவ்வளவு சூட்டுல இறங்கலாமா?

---

வெந்நீர்_அக்கா

தம்பி, துண்டு கட்டிட்டு இறங்கக் கூடாது. அதை மட்டும் அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போய் சங்கடப்பட வேண்டாம். துண்டு தண்ணில படவே கூடாது, மடிச்சு தலைமேல வச்சுக்கலாம், இல்ல ஓரத்துல வைக்கலாம். ஆம்பளைங்க பொம்பளைங்களுக்கு தனித்தனிப் பக்கம், அதனால உங்க மனைவி நினைக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு அஞ்சு நிமிஷம்தான் கூச்சம், உள்ள ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கறதில்ல, எல்லாருக்கும் அவங்கவங்க முதுகு வலி. அப்படியும் வேண்டாம்னா தங்கற விடுதியில கஷிகிரி இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க, குடும்பத்துக்கு மட்டும்னு கதவைச் சாத்திட்டு குளிக்கற தொட்டி.

ஆனா அந்த ஊருக்குப் போய் சொதோயுல ஒரு தடவையாவது இறங்காம வந்துராதீங்க. மொத்தம் 13 பொதுக்குளியல் வீடு, ஊருக்குள்ள தெருவுக்குத் தெரு மரக்கட்டடமா நிக்கும், காலைல விடியறதுக்கு முன்னாடியே தொறந்துருவாங்க, ராத்திரி பதினோரு மணி வரைக்கும். கட்டணம் இல்ல. வாசல்ல ஆள் இல்ல. ஒரு உண்டியல் இருக்கும், அதுல காசு போட்டுட்டுப் போகணும், சில்லறை வச்சுக்கங்க.

இலவசம்னதும் ஏதோ சுற்றுலாத்துறை நடத்துதுன்னு நினைச்சுக்காதீங்க. அந்தந்தத் தெருக்காரங்க யு-நகமான்னு ஒரு கூட்டமா சேந்து முறை வச்சு தேய்ச்சுக் கழுவறாங்க, கரண்டு பில்லு கட்டறாங்க. ஊற்றும் காடும் திருவிழாவும் எல்லாம் நொசாவா-குமின்னு ஊர்க்காரங்களோட பழைய அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட பொறுப்பு. அவங்க வீட்டு குளியலறையை நமக்கும் தொறந்து விட்டிருக்காங்க, அவ்வளவுதான். அதனால கூட்டமா அஞ்சாறு பேரா போய் சத்தம் போடறது, போன் எடுத்து போட்டோ புடிக்கறது, நனைஞ்ச ஜாக்கெட்டோட உள்ள நுழையறது, இதெல்லாம் பாத்தா எனக்கே கோவம் வரும்.

உள்ள போனா எப்படி இருக்கும்னு சொல்றேன். கதவைத் தள்ளினதும் கந்தக வாடை, செருப்பு விடற எடம், பல வீட்டுல துணி மாத்தற எடமும் தொட்டியும் ஒரே ரூம்தான், நடுவுல சுவரே இருக்காது. ஷவர் இருக்காது. ஒரு வாளி எடுத்து ஓரமா குந்திட்டு நல்லா சோப்பு போட்டு குளிச்சுட்டு, சோப்பு துளி இல்லாம ஊத்திட்டு அப்புறம் இறங்கணும். தலைமுடி நீளமா இருந்தா கொண்டை போட்டுக்கணும். வெள்ளி மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாத்தையும் ரூம்லயே கழட்டி வச்சுருங்க, அந்தத் தண்ணில கருத்துப் போயிரும். அப்பா அரைஞாண் கட்டியிருக்காரான்னு பாருங்க!

சூடு. இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஓயுன்னு ஊர் நடுவுல இருக்கறதுதான் அழகு, கோயில் மாதிரி கூரை, எல்லாரும் போட்டோ எடுக்கறது அதைத்தான், ஆனா அதுல சூட்டுத் தொட்டி, கொஞ்சம் ஆறின தொட்டின்னு ரெண்டு இருக்கும், "ஆறின" தொட்டியே நமக்கு கால் வைக்க முடியாது. பச்சத்தண்ணி குழாய் இருக்கும், தொறக்கலாம், ஆனா உள்ள இருக்கற பெரியவங்களை ஒரு பார்வை பாத்து அனுமதி வாங்கிட்டு தொறங்க. தொட்டியையே ஆத்தி வச்சுட்டு வெளிய வந்தா அடுத்து வர்ற பாட்டி திட்டும், எங்களை ஒரு பாட்டி திட்டுச்சு, அது என்ன சொல்லுதுன்னு புரியாமயே எங்களுக்குப் புரிஞ்சுது.

பிபி இருக்கறவருக்கு ஓயு வேண்டாம். குமனோதெஅராயுன்னு ஒண்ணு இருக்கு, மத்ததை விட மிதமான தண்ணி. இன்னும் நல்லது ஃபுருசாதோ-நோ-யு, அது காசு குடுத்துப் போற எடம், ஷவர் இருக்கு, துணி மாத்த தனி ரூம் இருக்கு, வெட்டவெளித் தொட்டியும் உண்டு. ஜப்பான்ல குளிர்காலத்துல வயசானவங்க குளியல்ல மயங்கி விழறது அடிக்கடி நடக்கற விஷயம், காரணம் சூடு மட்டும் இல்ல, உறைய வைக்கற குளிர்ல துணியைக் கழட்டும்போது ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறும், உடனே சூட்டுல இறங்கினா விரிஞ்சு சட்டுனு இறங்கும், அந்த ஏத்த இறக்கம்தான் ஆபத்து. அதனால முதல்ல கால்ல இருந்து மெல்ல மெல்ல வாளியில வெந்நீர் ஊத்திப் பழக்கணும், இடுப்பளவு உக்காந்தா போதும், ரெண்டு மூணு நிமிஷம், எந்திரிக்கும்போது சட்டுனு எந்திரிக்கக் கூடாது, சாப்பிட்ட உடனேயும் குடிச்சுட்டும் போகக் கூடாது, தனியா அனுப்பவே கூடாது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே கூட்டிட்டுப் போங்க.

குளிச்சுட்டு திரும்பி வரும்போது ஒண்ணு பாருங்க, ஈரத்துண்டைத் தோள்ல போட்டுட்டு நடந்தா விடுதி வர்றதுக்குள்ள பலகையா விறைச்சு நிக்கும், உங்களுக்கு குளிரே தெரியாது, உள்ள இருந்து சூடு வந்துட்டே இருக்கும். ஸ்கீ எல்லாம் எனக்கு அதுக்கு ஒரு சாக்கு.

---

வன்னிப்பொடியன்

நான் ரொறன்ரோல இருக்கிறன், போன மாரிக்கு நொசாவா போனனான். எங்கட ஒன்ராரியோல கிடக்கிறதை மலையெண்டு சொல்லேலாது, அதிலயும் பாதிப் பனி மெஷினால அடிக்கிறது, இறுகிப்போய்க் கிடக்கும். அங்க போய் முதல் நாள் விடிய யன்னலத் திறந்தா எதிர்வீட்டுக் கூரையக் காணேல்ல. சைபீரியாவில இருந்து வாற குளிர்க்காத்து யப்பான் கடலைக் கடக்கேக்க கடல் அதை விட வெப்பமா இருக்கிறதால ஈரத்தைக் குடிச்சுக்கொண்டு வந்து இந்த மலையில முட்டினவுடன கொட்டித் தள்ளும், அதான் அவ்வளவு பனி, அதான் அவ்வளவு லேசு. மேல யமபிகோ எண்ட பகுதியில பனி நல்லா விழுந்த அடுத்த நாள் போனா முழங்கால் மட்டும் புதையும், சத்தமே இல்லாம மிதக்கிற மாதிரி.

ஆனா புதுசாப் போற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். கயிறு கட்டிக் கிடந்தா அங்கால போகாதேங்கோ. ஆரோ போன தடம் தெரியும், பனி தொடாமக் கிடக்கும், மனம் இழுக்கும். மரத்தடிய சுத்தி பனி உள்ளுக்க பொக்கையாக் கிடக்கும், மேலால பாத்தாத் தெரியாது, தலைகீழா விழுந்தா தானா வெளியால வரேலாது, அனுபவப்பட்ட ஆக்களே செத்திருக்கினம். நொசாவால இதுக்கெண்டே கிராமம் 2010ல ஒரு சட்டம் போட்டிருக்கு, எல்லைக்கு வெளியால போய் மாட்டுப்பட்டா தேடி எடுக்கிற செலவு உங்கட தலையில. இன்சூரன்ஸ் எடுக்கேக்க ஸ்கீக்கும் செல்லுமோ எண்டு வடிவா வாசியுங்கோ, சிலதில விளையாட்டு காயம் சேராது.

மற்றது, அந்தச் சனம் ஸ்கீல இண்டைக்கு நேற்று வந்த ஆக்கள் இல்ல. 1923லயே ஸ்கீ கிளப் தொடங்கிட்டினம். 1930ல ஒஸ்திரியாக்காரர் ஹான்னெஸ் ஷ்னைடர், நவீன ஸ்கீ படிப்பிச்ச பெரிய மனுசன், நொசாவாக்கு வந்து போயிருக்கிறார், அவற்ற பேரில ஒரு செங்குத்தான கோர்ஸே இருக்கு, அவர் ஸ்கீ படிப்பிச்ச சாங்க்ட் அன்டோனும் நொசாவாவும் சகோதர ஊர். 1998 ஒலிம்பிக்ஸில பயத்லான், ஸ்கீயில ஓடி ஓடித் துவக்கால சுடுற போட்டி, நடந்தது இங்கதான். 1992, 1994 ரெண்டு ஒலிம்பிக்ஸிலயும் நார்டிக் கம்பைண்ட் (ஸ்கீ ஜம்ப்பும் ஸ்கீ ஓட்டமும் சேர்ந்தது) குழுப் போட்டியில தங்கம் எடுத்த கோனோ தகனோரி இந்த ஊர்ப் பிள்ளை. அப்பாக்கு மலைக்கு ஏற விருப்பம் இல்லாட்டி ஸ்கீ மியூசியம் ஒண்டு கிடக்கு, பழைய மரத்தால செய்த ஸ்கீயள் எல்லாம் வச்சிருக்கினம், ஒரு மத்தியானம் போக்கலாம்.

நீங்கள் பெப்ரவரியில போறது ஒரு வழிக்கு நல்லது, ஒரு வழிக்கு கவலை. ஜனவரி 15 அங்க தோசோஜின் நெருப்புத் திருவிழா, வருசா வருசம் அதே திகதி, கிழமை பாக்கிறேல்ல. காட்டில வெட்டின பெரிய மரங்களால ஒரு கோபுரம் கட்டுவினம், 42 வயசு ஆம்பிளையள் அதுக்கு மேல ஏறி இருப்பினம், 25 வயசுக்காரர் அடியில நிண்டு காப்பினம், மற்ற ஊராக்கள் தீப்பந்தத்தோட வந்து கொளுத்தப் பாப்பினம். 25ம் 42ம் ஆம்பிளைக்கு கெட்ட வயசெண்டு நம்பிக்கை, அந்தக் கழிப்புத்தான். சாக்கே எண்ட அரிசி மது நல்லா ஓடும், பாக்க வந்த எங்களுக்கும் ஊத்தி விட்டினம், பொறி பறந்து ஜாக்கெட்டில ஓட்டை, எனக்கு சந்தோசம். 1993ல அரசாங்கம் இதை முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தெண்டு அறிவிச்சது. அந்தக் கிழமை அறை எடுக்கிறது குதிரைக்கொம்பு, அடுத்த வருசம் வேணுமெண்டா இப்பவே யோசியுங்கோ.

---

தயிர்சாதம்

சாப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன், நான் சுத்த சைவம்.

கஷ்டம்தான், ஆனா பட்டினி இல்ல. பிரச்சனை தாஷி, சமையலுக்கு அடியா ஊத்தற சாறு. சோபா நூடுல்ஸ், மிசோ சூப், காய்கறிக் கூட்டு, எல்லாத்துலயும் மீன் தாஷி இருக்கும், "நிக்கு நாஷி"ன்னு சொன்னா இறைச்சி மட்டும்தான் எடுப்பாங்க, "தாஷி மோ தாமே"ன்னு தனியா சொல்லணும். அந்த ஊரோட நொசாவானா ஊறுகாய் ஒரு கீரை, தண்டோட உப்புல போட்டது, நம்ம வாய்க்கு நல்லா ஒத்துப்போகும், ஆனா கடைல பாக்கெட்ல விக்கறதுல பலதுல மீன் சாறு சேத்திருப்பாங்க, உப்பு மட்டும் போட்டதா கேட்டு வாங்கணும். நவம்பர்ல போனா ஊர்ப் பெண்கள் இந்தக் கீரையை மூட்டை மூட்டையா கொண்டு வந்து சொதோயு வெந்நீர்லயே அலசறதைப் பாக்கலாம். இது ஒசாகா டென்னோஜி டர்னிப்போட விதையை 18-ம் நூற்றாண்டுல ஒரு சாமியார் கொண்டு வந்து போட, இந்தக் குளிர்ல கிழங்கு பெருக்காம இலை மட்டும் ஓங்கி வளந்துச்சுன்னு ஊர்ல கதை சொல்றாங்க.

தெருவுல ஓயாக்கி கிடைக்கும், கோதுமை மாவு உருண்டைக்குள்ள பரங்கிக்காய், சிவப்பு பீன்ஸ் பூரணம், நொசாவானான்னு வச்சு ஆவில வேக வைப்பாங்க. பரங்கிக்காயும் பூரணமும் கண்ணை மூடிட்டு வாங்கலாம், பூரணம் வச்சது அப்படியே கொழுக்கட்டை. மத்தபடி சமையல் ரூம் உள்ள அபார்ட்மெண்ட் எடுத்துருங்க, விடுதி டின்னர் பேக்கேஜ் எடுத்து ஒன்பது கிண்ணத்துல எட்டை திருப்பி அனுப்பறது அவங்களுக்கும் மனக்கஷ்டம். அரிசி அங்கயே வாங்கிக்கலாம், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரெடிமேட் சாம்பார் பாக்கெட் நிஷிகசாய்ல வாங்கி அந்த தக்யூபின் பெட்டிக்குள்ளயே வச்சுருங்க. ஊருக்குள்ள கடை சீக்கிரம் மூடிரும், ஸ்கீ முடிச்சு குளிச்சுட்டு எட்டு மணிக்கு மேல சாவகாசமா போனா ஒண்ணும் கிடைக்காது, சின்னக் கடைல கார்டும் வாங்க மாட்டாங்க.

அப்பா முட்டை சாப்பிடுவாருன்னா அவருக்கு ஒரு வேலை இருக்கு. ஓகமான்னு கொதிக்கற ஊற்று, 90 டிகிரி பக்கம், அதுல ஊர்க்காரங்க கீரை முட்டை எல்லாம் வேக வைப்பாங்க. வேலிக்கு வெளிய நின்னு பாக்கலாம், உள்ள நம்மளை விட மாட்டாங்க, விடவும் கூடாது, அந்தத் தண்ணில விழுந்தா பிழைக்க முடியாது. ஆனா சில சொதோயு வாசல்ல முட்டை வேக வைக்கறதுக்குன்னே சின்னத் தொட்டி இருக்கும், கடைல முட்டை வாங்கி வலைப்பைல கட்டித் தொங்க விட்டுட்டுக் காத்திருக்கலாம்.

---

திருச்சிக்காரன்_தோக்கியோல

எல்லாருக்கும் நன்றி, நொசாவா முடிவு ஆயிருச்சு. சமையல் ரூம் உள்ள எடம் ஒண்ணு ஹிககே பக்கம் பாத்திருக்கேன், நடந்தா யு ரோடு அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கான். மூணு ஸ்கீ ஒரு போர்டு, முதல் ரெண்டு நாளும் லெசன் போட்டாச்சு. அப்பாவை நாளன்னைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வெந்நீர்_அக்கா, அரைஞாண் கட்டியிருக்கார், வெள்ளிதான், கழட்டச் சொன்னா கல்யாணத்துக்கு அப்புறம் கழட்டினதே இல்லன்றார்.

ஒரே ஒரு சந்தேகம், ஈயாமா பஸ்ஸுக்கு முன்கூட்டி டிக்கெட் எடுக்கணுமா?

---

மலைப்பாதை

ஸ்டேஷன்லயே எடுத்துக்கலாங்க, ஷிங்கன்சென் வர்ற நேரத்தை ஒட்டித்தான் பஸ் விடறாங்க. இறங்கின உடனே போட்டோ எடுத்துட்டு நிக்காம நேரா பஸ் ஸ்டாப் வரிசைக்குப் போயிருங்க, அப்பாவுக்கு உக்கார எடம் வேணுமில்ல.

---

வெந்நீர்_அக்கா

அரைஞாணுக்கு சோப்புத் தண்ணி தடவி இழுத்துப் பாருங்க தம்பி. வரலன்னா விடுங்க, கருத்தா ஊருக்கு வந்து பாலிஷ் போட்டுக்கலாம், அதுக்காக அவரை ஓன்சென்ல இறக்காம கூட்டிட்டு வந்துராதீங்க.